ஜரிகை சுற்றிய கிதார்

புவனேஸ்வரியின் விரல் நுனிகளுக்குச் சூடு தெரியாது. கொதிக்கும் சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் இறக்குவாள். பார்ப்பவர்கள்தான் முகத்தைச் சுளிப்பார்கள். பாவு பிணைத்துப் பிணைத்து வந்த காய்ப்பு அது.

தறியில் ஒரு பாவு, அதாவது நெடுக்கு இழைகளின் வரிசை, நெய்து தீரும்போது அதன் கடைசி முனைகளை அறுத்தெறிய மாட்டார்கள். இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சிலும் அவற்றை ஏற்றி இறக்கும் விழுதிலும் கோத்தபடியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய முனையோடு சேர்த்துச் சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு. முடிச்சு போடக் கூடாது; முறுக்கிலேயே நிற்க வேண்டும். பிறகு பழைய பாவை இழுத்தால் புதுப் பாவும் அதன் பின்னாலேயே தறிக்குள் வந்துவிடும். ஆயிரக்கணக்கான இழைகளைத் திரும்பவும் ஒவ்வொரு கண்ணிலும் கோத்து எடுக்கிற வாரக்கணக்கான வேலை மிச்சம். பிள்ளையார்பாளையத்தில், பிறந்த வீட்டில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளுக்கு இந்த வேலைதான். பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. பிணைப்பது நிற்கவில்லை.

கலியாணசுந்தரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்தபோது அந்த வீட்டில் இரண்டு தறிகள் ஓடின. ஒன்றில் மாமனார், ஒன்றில் அவள் கணவன். நீளமான ஒரே கூடம், மண் தரை. வெயில் காலத்தில் பட்டு உலர்ந்து இழை அறாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். மழைக்காலத்தில் தரை தானே ஊறிக் கிடக்கும். செருப்புக் காலோடு யாரும் கூடத்துக்குள் வரக் கூடாது. இது தெரு முழுக்க உள்ள வழக்கம். அந்த வீட்டுக்கென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. தறியில் பாவு இருக்கும்வரை கூடத்து மண்ணைத் தோண்டக் கூடாது.

வந்த புதிதில், மழைநாளில் துணி காயப்போடக் கூடத்து மூலையில் ஒரு கம்பு நட வேண்டும் என்று கேட்டாள்.

“பாவு இறங்கட்டும்” என்றான் கலியாணசுந்தரம்.

அவள் காத்திருந்தாள். பாவு தீர்ந்தது. புதுப் பாவைக் கொண்டுவந்து அவள் முன்னாலேயே போட்டார்கள். அவளே உட்கார்ந்து பிணைத்தாள். கடைசி இழையை முறுக்கி முடித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

“இப்படியே பிணைச்சுக்கினு இருந்தா, எப்போதான் இறங்கும்?”

“இந்த வீட்டுல யாருனா போனாத்தான் அறுப்பாங்க” என்றான் அவன், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போல.

கம்பு நடவில்லை. சில வருடம் கழித்து மாமனார் போனார். அன்றுதான் புவனேஸ்வரி வெற்றுத் தறியைப் பார்த்தாள். இரண்டு தறியிலும் பாவை அறுத்திருந்தார்கள். விழுதின் கண்களெல்லாம் காலியாகத் தொங்கின. காற்று அவற்றை ஆட்டியது. காரியம் முடிந்ததும் மாமனாருடைய தறியை விற்றுவிட்டு அதன் அடியில் கால் மிதிக்கிற குழியில் மண்ணை நிரப்பினார்கள். தன் தறியில் கலியாணசுந்தரம் மறுபடி முதல் இழையிலிருந்து கோக்க ஆரம்பித்தான். அது முடிய வாரங்கள் ஆயின.

நிரப்பிய குழியின் மேல்தான் பிறகு கம்ப்யூட்டர் வந்தது.

இரண்டாயிரத்து ஆறு ஏழு வாக்கில் தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. ஏனாத்தூர் கல்லூரியில் பி.சி.ஏ. சேர்ந்த தம்பி விக்னேஷ்தான் அவளுக்கு அந்த ஆசையை மூட்டினான். இரண்டு பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிப்போட்டான். எந்தப் பொத்தான் எதற்கு என்று அவனிடம் ஒரு முறைதான் கேட்டாள். மீதியைத் தானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டாள். மாணவர்கள் வந்து விண்ணப்பம் நிரப்பினார்கள், படம் பார்த்தார்கள், ஆட்டம் ஆடினார்கள். கூடத்தின் ஒரு பாதியில் கம்ப்யூட்டர், மறுபாதியில் தறி.

மின்சார வேலைக்கு முசரவாக்கத்திலிருந்து தேவசகாயம் வந்தார். வேலை நறுக்கென்று இருக்கும், வாயும் சும்மா இருக்காது. மூன்று துளைப் பலகை மாட்டிவிட்டுப் பச்சை ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“இதுக்கு மண்ணுல ஒரு பைப் இறக்கணும்மா. கரண்ட்டு வழி தப்பிச்சின்னா இது வழியா நேரா மண்ணுக்குப் போயிடும். இது இல்லைன்னு வெச்சுக்கோ, எவன் காலு மண்ணுல இருக்குதோ அவன் வழியா போகும். இங்கத்தான் எல்லாரும் வெறுங்காலு.”

“பாவு ஏறி இருக்குது தேவசகாயம். இப்போ தோண்டக் கூடாது” என்றான் கலியாணசுந்தரம் தறிக்குழிக்குள்ளிருந்தபடியே.

“வெளியில போட்டுடலாமா?”

வெளியில் மண் ஏது? வாசலில் சிமெண்டு ரோடு. பின்னால் சாக்கடை, அதை ஒட்டி அடுத்த வீட்டுச் சுவர்.

“சரி, பாவு எப்போ இறங்கும்?”

தேவசகாயம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இறங்கினதும் சொல்லி அனுப்புங்க” என்று பச்சை ஒயரை மடக்கிக் கறுப்பு டேப்பைச் சுற்றிப் பலகைக்குப் பின்னால் தொங்கவிட்டார். பெருக்கும்போதெல்லாம் அந்த முனை புவனேஸ்வரியின் கண்ணில் படும். துடைப்பத்தால் லேசாக ஒதுக்கிவிட்டுப் பெருக்குவாள்.

*

இரண்டாயிரத்து ஒன்பதில் விக்னேஷ் ஒரு சாக்குப்பையோடு வந்தான். சென்னையில் பழைய மின்சாமான் விற்கிற தெருவிலிருந்து வாங்கியது. உள்ளே பிளாஸ்டிக் கிதார், குழந்தைகள் விளையாட்டுச் சாமான் போல.

“இந்தா அக்கா, உனக்கு ஒரு வீணை.”

“இன்னா மச்சான், இதுல கம்பியே இல்லையே” என்றான் கலியாணசுந்தரம்.

“இதுக்குக் கம்பி வேணாம் மாமா.”

“கம்பி இல்லாத வீணை, புத்தகம் இல்லாத படிப்பு. நல்லாதான் போய்க்கினு இருக்குது உன் பொழப்பு.”

கழுத்தில் ஐந்து நிறத்தில் ஐந்து பொத்தான்கள். தந்தி இருக்க வேண்டிய இடத்தில் மேலும் கீழும் அசையும் ஒரு கட்டை. டிவியில் மாட்டி விளையாடும் ஏதோ பழைய பெட்டியோடு சேர்ந்த சாமான் அது. அந்தப் பெட்டியை இப்போது யாரும் சீண்டுவதில்லை. ஆனால் தீப்பெட்டி அளவில் ஒரு மாற்றுமுனை விற்றது. ஒரு பக்கம் கிதாரின் பழைய பிளக், மறுபக்கம் கம்ப்யூட்டரில் செருகுவது. இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த புது ஆட்டம் ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. திரையில் ஐந்து தடம். பாட்டு ஓடும்போது தடங்களில் வண்ண வில்லைகள் இறங்கி வரும். கோட்டைத் தொடும் கணத்தில் அந்த நிறப் பொத்தானை அமுக்கிக் கட்டையைத் தட்ட வேண்டும். தப்பினால் பாட்டே விக்கும்.

முதலில் எல்லோரும் தப்பினார்கள். மாற்றுமுனை வழியாகத் தட்டு போய்ச் சேர ஒரு நொடியில் ஏதோ ஒரு துளி தாமதமாயிற்று. விக்னேஷுக்கு அது பிடிபடவில்லை. புவனேஸ்வரிக்குப் பிடிபட்டது. அச்சு அடிக்கும் சத்தத்தைக் காலை முதல் கேட்பவளுக்குத் தட்டு பிந்துவது காதில் உறுத்தாமல் இருக்குமா. ஆட்டத்தில் தாமதத்தைச் சரிசெய்யும் இடத்தைத் தேடிப்பிடித்து எண்ணை மாற்றி மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்து, ஒரு மதியத்தில் நிறுத்திவிட்டாள். அடுத்த வாரம் பாட்டுக்கு வில்லை அடுக்கவும் கற்றுக்கொண்டாள். எந்தத் தட்டுக்கு எந்தத் தடம் என்று ஒவ்வொன்றாக வைப்பது அவளுக்குப் பிணைப்பதைப் போலவே இருந்தது.

கூட்டம் சேர்ந்தது. ஏனாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். தறி ஓடும்போது அதன் சத்தத்தில் தாளம் தப்பி முனகுவார்கள்.

“மாமா, ஒரே ஒரு பாட்டு, கொஞ்சம் நிறுத்துங்க மாமா.”

“நான் நிறுத்துனா கல்யாணப் பொண்ணு முந்தானை இல்லாம மணையில உக்காருவா. பரவாயில்லையா?” என்பான் கலியாணசுந்தரம். சொல்லிவிட்டு வேண்டுமென்றே இரண்டு அடி பலமாக அடிப்பான்.

பழைய கிதாரின் கழுத்து தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது. உடம்போடு சேரும் இடத்தில் சின்னச் சின்ன உலோக நாக்குகள் ஒன்றையொன்று தொட வேண்டும். பலர் கைபட்டு நாக்குகள் தளர்ந்தன. பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் செத்துப்போயின. புவனேஸ்வரி கழற்றிப் பார்த்தாள். இடைவெளியை நிரப்ப உலோகமாகவும் மெத்தையாகவும் இருக்கிற ஏதோ ஒன்று வேண்டும். தறிக்குப் பக்கத்தில் அறுத்துப் போட்ட ஜரிகைப் பிசிறு கிடந்தது. பட்டு நூலின் மேல் வெள்ளிச் சரடு சுற்றிய அசல் ஜரிகை. ஒவ்வொரு நாக்குக்கும் ஒரு துண்டை மடித்து வைத்து அழுத்தினாள். ஐந்து பொத்தானும் உயிர் பெற்றன. கழுத்து ஆடாமலிருக்க, மடிப்பிலிருந்து நீண்ட ஒரு இழையை வெளியே இழுத்து, மேலும் ஜரிகை சேர்த்து, உள்ளங்கை படும் இடம்வரை நெருக்கமாகச் சுற்றி இறுக்கினாள். மஞ்சள் வெளிச்சத்தில் அது சேலைக் கரை மாதிரி மின்னியது.

“செம லுக்கு அக்கா” என்றான் விக்னேஷ்.

“கரண்ட்டு வராதா இதுல?”

“அஞ்சு வோல்ட்டு. எறும்புகூட சாகாது.”

அவன் சொன்னது கிதாருக்குள் ஓடுவதைப் பற்றியவரை சரிதான். கிதார் எதோடு இணைந்திருக்கிறது என்பதை அக்காவும் நினைக்கவில்லை, தம்பியும் நினைக்கவில்லை.

*

முதலில் அது சுருக்கென்று குத்தியது. ஆடுகிறவர்கள் கையை உதறிக்கொண்டார்கள்.

“அக்கா, இது குத்துது.”

புவனேஸ்வரி வாங்கிப் பிடித்தாள். மர முக்காலியில் உட்கார்ந்து, காய்த்த விரலால் ஜரிகையை மேலும் கீழும் தடவினாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“உங்களுக்குச் சோத்துப் பானையே தெரியாது” என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆவணியில் ஒரு கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் கரண்ட் பெட்டி விசில் அடித்து நின்றது. கிதார் மாட்டுவது அதில்தான். மாற்றுமுனையை மற்றக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. விக்னேஷ் எங்கிருந்தோ ஒரு பழைய கரண்ட் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினான். ஓடியது. புரட்டாசியில் மழை தொடங்கியது. நிரப்பிய குழியின் மண் என்றைக்குமே இறுகவில்லை. இப்போது நடந்தால் காலடி பதிந்தது.

ஸிந்துஜா என்று ஒரு பெண் வருவாள். சின்ன காஞ்சிபுரம், விக்னேஷின் வகுப்பு. அவனைத் தோற்கடிக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அன்று மழையில் நனைந்து வந்தவள் ஈரக் காலோடு கிதாரைத் தோளில் மாட்டினாள். பாட்டு பாதி ஓடியிருக்கும். உடம்பு ஒரு தரம் விறைத்தது. பக்கத்திலிருந்தவர்கள் ஏதோ மேடையில் ஆடுகிறாள் என்று கைதட்டினார்கள். புவனேஸ்வரி திரையைப் பார்த்தாள். வில்லைகள் வரிசையாக இறங்கிக் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. ஸிந்துஜா ஒன்றைக்கூடத் தட்டவில்லை. அவள் அப்படித் தப்புகிறவள் இல்லை.

அதற்குள் தோள்வார் நழுவி, கிதார் தன் கனத்தில் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு விழுந்தது. ஸிந்துஜா சுவரில் சாய்ந்து நின்றாள். சிரிக்க முயன்றாள்.

“இன்னாம்மா ஆச்சு?”

“அவாள்லாம் சொல்றாப்ல இது குத்தலைக்கா” என்றாள் மெதுவாக. “பிடிச்சு வெச்சுக்கறது. விடமாட்டேங்கறது.”

செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டே அவள் வாசல்படி இறங்கியதைப் புவனேஸ்வரி பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் வரவில்லை.

எல்லோரும் போன பின் புவனேஸ்வரி முக்காலியை ஒதுக்கிவிட்டு மண்ணில் நின்றாள். விரலை நம்பவில்லை. புறங்கையை ஜரிகையின் அருகில் கொண்டுபோய் ஒரு கணம் தொட்டாள். முழங்கைவரை அடித்தது. டெஸ்டரை வைத்தபோது அதன் சின்ன விளக்கு நன்றாக எரிந்தது. கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியில் வைத்தாள். அங்கேயும் எரிந்தது.

பக்கத்துக் கடை போனில் தேவசகாயத்தைப் பிடித்தாள். அவர் சென்னையில் ஒரு கட்டிட வேலையில் இருந்தார்.

“அதைத் தொடாதீங்கம்மா. பிடுங்கிப் போடுங்க. சனிக்கிழமை வந்துடுறேன். ஆனா நான் வந்து இன்னா செய்ய? மண்ணு தோண்ட உடணும் உங்க வீட்டுக்காரரு.”

*

அந்த ஞாயிற்றுக்கிழமை விக்னேஷ் ஒரு போட்டி வைத்திருந்தான். கல்லூரியில் நோட்டீஸ்கூட ஒட்டியாயிற்று.

“வேணாம்டா” என்றாள் புவனேஸ்வரி.

“போட்டி முடியட்டும் அக்கா. திங்கக்கிழமை அந்தப் பெட்டியை மாத்திடுறேன்.”

“அந்தப் பொண்ணு செத்திருப்பா.”

“ஈரக் காலோட நின்னா. நான் இன்னா அப்படியா? என்னை ஒரு தரம்கூட இழுக்கலையே.” அவன் சொன்னது உண்மை. மேடை மாதிரி இருக்கட்டும் என்று அவன் எப்போதும் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுதான் ஆடுவான். “கட்டைமேல நின்னா ஒண்ணும் ஆகாது. ஞாயித்துக்கிழமையும் எல்லாரையும் அதுமேலயே நிக்க வெக்கிறேன். போதுமா?”

அவள் ஜரிகையைப் பிரித்தாள். கழுத்து ஆடி இரண்டு பொத்தான் செத்தது. மறுநாள் பார்த்தால் அவனே எடுத்துக் கோணல்மாணலாகச் சுற்றியிருந்தான். கம்ப்யூட்டரின் கரண்ட் ஒயரைக் கழற்றி அரிசிப் பானையில் ஒளித்தாள். அவன் பக்கத்துக் கம்ப்யூட்டரின் ஒயரை எடுத்து மாட்டிக்கொண்டான். இரண்டும் ஒரே மாதிரி. சமையலறையில் இருந்தவளுக்குப் பாட்டுச் சத்தம்தான் முதலில் கேட்டது. கரண்டியோடு ஓடி வந்து பார்த்தாள். பலகை மேல் நின்று கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தான். அப்பா போனபின் அவள் கைச்சோற்றில் வளர்ந்தவன். திரையைப் பார்க்காமலே ஒரு வில்லை தப்பாமல் தட்டினான். அவள் கத்தவில்லை. சத்தத்தில் திடுக்கிட்டுக் காலைக் கீழே வைத்துவிட்டால் என்ன செய்வது? பாட்டு முடியும்வரை பலகையில் இருந்த அவன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை காலை பாவு தீர்ந்தது. கலியாணசுந்தரம் கடைசிச் சேலையை அறுத்து மடித்தான். தறிக்குழியின் அடியில் ஊற்றுத் தண்ணீர் கசிந்து பாதம் நனையும் அளவுக்கு நின்றது. புதுப் பாவு வந்து இறங்கியது. அதை இழுத்துக் கட்டிவிட்டு, விக்னேஷின் மேடைப் பலகையை எடுத்துவந்து தறிக்கு முன்னால் போட்டான். பிணைப்பவள் உட்காரும் பலகை அதுதான். வேலை முடிய மறுநாள் சாயங்காலம் ஆகும்.

விக்னேஷ் ஏனாத்தூருக்குப் போயிருந்தான். சாயங்கால பஸ்ஸில் சிநேகிதர்களோடு வந்து கடைசியாக ஒரு தரம் ஆடிப்பார்ப்பதாகச் சொல்லியிருந்தான்.

புவனேஸ்வரி பலகையில் உட்கார்ந்தாள். சாம்பலைத் தொட்டாள். பழைய முனை, புது இழை, ஒரு முறுக்கு. பழைய முனை, புது இழை. ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை அகலம் போயிருக்கும். கை நின்றது. பலகை தனக்கு அடியில் இருக்கிறது. அப்படியானால் அவன் எதன் மேல் நிற்பான்?

“ஏங்க.”

கலியாணசுந்தரம் திரும்பினான்.

“தேவசகாயம் இன்னைக்கு ஊருக்கு வந்திருப்பாரு. முதல்ல பைப்பை இறக்கிடலாம். நாளைக்குப் பிணைச்சுக்கறேன்.”

“முனை தறியில இருக்குது புவனா.”

“அவனைச் சொல்லி நிறுத்த முடியலை.”

“நான் பேசறேன்.”

“நீங்க பேசினா சரி மாமாம்பான். நீங்க இந்தப் பக்கம் திரும்பினதும் மாட்டுவான். உங்களுக்குத் தெரியாதா?”

அவனுக்குத் தெரியும்.

“முனையை அறுத்துட்டா தோண்டலாம் இல்ல?”

கலியாணசுந்தரம் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“யாருக்கு அறுக்கச் சொல்ற?” என்றான்.

வெளியே மழை வலுத்தது. பலகைக்குப் பக்கத்தில் கத்தரி கிடந்தது.

“யாருக்கும் அறுக்க வேணாம்னுதான்” என்று சொல்லிவிட்டு அவள் கத்தரியை எடுத்தாள். அவன் கை நீண்டது, ஆனால் தொடவில்லை. விழுதுக்குப் பின்னால், இழைகள் சேர்ந்து நிற்கும் இடத்தில், கத்தரியை வைத்து அழுத்தினாள். பட்டு சுலபத்தில் அறுபடாது. மூன்று நான்கு பிடியாக அறுத்து, முன்பக்கத்திலிருந்து முனைகளை உருவினாள். அவை விழுதின் கண்களிலிருந்து சலசலவென்று நழுவி அவள் மடியில் விழுந்தன.

கடைசி முனையும் நழுவியதும் கலியாணசுந்தரம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான்.

“அறுத்தாச்சு. இனிமே இன்னாத்துக்குப் பாத்துக்கினு இருக்கணும்? நானே போய் அவரைக் கூட்டினு வரேன்.”

*

நிரப்பிய குழியின் மேல்தான் தேவசகாயம் கடப்பாரையைப் போட்டார். மண் வெண்ணெய் மாதிரி விட்டுக்கொடுத்தது. ஆனாலும் கடப்பாரைச் சத்தம் தெருவுக்குக் கேட்டது. அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே எட்டிப்பார்த்தாள். காலியாகத் தொங்கும் விழுதைப் பார்த்ததும் முந்தானை நுனி வாய்க்குப் போயிற்று.

“யாரு?”

“யாரும் இல்லை அத்தை. பைப் பொதைக்கிறோம்.”

கிருஷ்ணம்மாள் நம்பவில்லை. கலியாணசுந்தரத்தைப் பார்த்தாள். புவனேஸ்வரியைப் பார்த்தாள். கூடத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள்.

“உன் தம்பி எங்கம்மா?”

“ஏனாத்தூர் போயிருக்கான். வந்துடுவான்.”

“இந்த மழையிலயா” என்றாள் கிருஷ்ணம்மாள். வேறொன்றும் கேட்காமல் இறங்கிப் போனாள். சற்று நேரத்தில் எதிர்வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள்.

தேவசகாயம் பைப்பை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டி, மண்ணைத் தள்ளி மிதித்தார். பலகைக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த பச்சை ஒயரை எடுத்து டேப்பைப் பிரித்தார். முனையைச் சுரண்டி பைப்பிலிருந்து வரும் கம்பியோடு முறுக்கினார். கிதார் மாட்டியிருந்த கம்ப்யூட்டரின் பிளக்கைச் செருகினார்.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க” என்று ஸ்விட்சைப் போட்டார்.

வாசல் பக்கத்து மெயின் பெட்டியில் பட்டென்று வெடித்தது. நீல வெளிச்சம் ஒரு தரம் சுவரில் அடித்தது. விளக்கு, ஃபேன், எல்லாம் நின்றன. கருகிய வாடை வந்தது.

“பைப் சரியில்லையா?” என்று கேட்டாள் புவனேஸ்வரி.

தேவசகாயம் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி, கரண்ட் பெட்டியைக் கழற்றித் திறந்தார். உள்ளே ஒரு ஒயரின் மேல்தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. அது பெட்டியின் தகரத்தோடு நன்றாகப் பதிந்து கிடந்தது.

“பைப் சரியாத்தாம்மா இருக்குது. அதனாலத்தான் ஃபியூஸ் போச்சு.” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “முழுக் கரண்ட்டும் இந்தத் தகரத்துல வந்து நின்னுக்கினு இருந்திருக்குது. அந்தப் பொண்ணைப் புடிச்சப்போ கொஞ்சமாத்தான் தொட்டுக்கினு இருந்திருக்கும். இப்போ ஒட்டியே போச்சு.”

“காலையில இருந்தா?”

“யாருக்குத் தெரியும்? நேத்துல இருந்துகூட இருக்கலாம். வழிக்காகக் காத்துக்கினு இருந்திருக்குது.”

கலியாணசுந்தரம் தறிக்குழியில் நின்ற தண்ணீரைப் பார்த்தான். பிறகு தன் பாதங்களைப் பார்த்தான். அவன் உட்காரும் இடத்திலிருந்து கையை நீட்டினால் அந்தத் தகரப் பெட்டி எட்டும். பாட்டுச் சத்தம் தாங்காதபோது எட்டித் தட்டி அணைப்பது அவன் வழக்கம்.

“நான் தட்டியிருப்பேன்” என்றான் யாரிடமென்றில்லாமல்.

தேவசகாயம் அந்தக் கரண்ட் பெட்டியைச் சாக்கில் சுற்றித் தானே எடுத்துக்கொண்டு, புது ஃபியூஸ் கம்பி வாங்கக் கடைக்குப் போனார். புவனேஸ்வரி அகல் விளக்கை ஏற்றிக் கூடத்தில் வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். ஏனாத்தூர் பஸ் வரும் நேரம் கடந்துவிட்டது. எதிர்வாசல் பெண்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் அவளைப் பார்க்கவில்லை, தெருமுனையைப் பார்த்தார்கள். அவளும் அங்கேயே பார்த்தாள்.

செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். ஃபியூஸ் வெடித்ததே சாட்சி. ஆனால் உள்ளே தறி வெறுமையாக நிற்கிறது. அப்படி நின்ற ஒரே ஒரு நாளைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். பஸ் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் அந்த நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. ரோட்டில் தேங்கிய தண்ணீர், லாரிகள், அறுந்து தொங்கும் கம்பிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் ஓடின. காரணமே இல்லாமல் தன் இரண்டு கைகளையும் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவன் தனியாகத்தான் வந்தான். மழைக்குப் பயந்து சிநேகிதர்கள் வரவில்லை. தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு தெருவின் நடுவில் நடந்து வந்தான். கிருஷ்ணம்மாள் படியிறங்கிப் போய் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். இன்னொருத்தி கன்னத்தைத் தொட்டாள். அவன் விழித்துக்கொண்டே விலகி வந்தான்.

“இன்னா அக்கா, எல்லாரும் என்னைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாங்க? கரண்ட்டு வேற இல்லையா?”

“ஃபியூஸ் போச்சு. போட்டி கிடையாது. உள்ள வா.”

“இன்னாக்கா சொல்ற? நாளைக்கு எல்லாரும்...” என்று ஆரம்பித்தவன் செருப்பை விட்டுக் கூடத்துக்குள் காலை வைத்தான். அகல் வெளிச்சத்தில் தறி தெரிந்தது. அவனும் அந்த வீட்டில் வளர்ந்த பையன். பாவு இல்லாத தறி அவனுக்குப் புரியாமலில்லை. அக்காவைப் பார்த்தான், பிறகு மாமாவை.

“யாரு மாமா?” என்றான்.

கலியாணசுந்தரம் எழுந்து வந்தான். சேலையில் குறை தேடுவதைப் போல அவனைத் தலையிலிருந்து பாதம்வரை நிதானமாகப் பார்த்தான். ஈரமான தோளில் கையை வைத்து அழுத்தினான். கை அங்கேயே இருந்தது.

“யாரும் இல்லை மச்சான்” என்றான். “நாளைக்கு நீ எங்கயும் போகாதே. நாளன்னைக்கும்தான். விழுது கோக்க ஒரு ஆள் வேணும். இது முடியிற வரைக்கும் இங்க, என் கண்ணு முன்னாடியே உக்காரு.”